மணி அடிக்கிறது, குரல் வரவில்லை: அலுவலகத் தொலைபேசியின் அணுகுமுனையில் பிழை நீக்கும் வழிமுறை

‘லைன் சரியில்லை’ என்று ஓர் அலுவலகத்திலிருந்து தகவல் வரும்போது, அந்த இரண்டு சொற்களுக்குள் ஏழெட்டுப் பிழைகள் ஒளிந்திருக்கக்கூடும். அழைப்பே வெளியே போகாமல் இருக்கலாம். போய், மணி அடித்து, எடுத்த பிறகு குரல் கேட்காமல் இருக்கலாம். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அரை நிமிடத்தில் அறுந்துபோகலாம். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் பிறப்பவை. ஆகவே இந்த வழிமுறையைக் கருவியின் மெனு வரிசைப்படி எழுதாமல், பயனர் வாயால் சொல்லும் அறிகுறியின்படி எழுதியிருக்கிறேன். சிங்கப்பூரில் இருபது முப்பது எக்ஸ்டென்ஷன்கள் (உள் தொலைபேசிகள்) கொண்ட பி.பி.எக்ஸ். இணைப்பகங்களை, அதாவது உள் தொலைபேசிகளை ஒன்றோடொன்றும் வெளிவழியோடும் இணைக்கும் கருவிகளை, பராமரிப்பவர்களுக்கு இது பயன்படும்.

அணுகுமுனை என்று இங்கே சொல்வது, உங்கள் இணைப்பகம் தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பைத் தொடும் இடத்தை. முன்பு அது ஐ.எஸ்.டி.என். என்ற பழைய வகைத் தொலைபேசிக் கம்பி வந்து சேரும் சுவர்ப்பெட்டியாக இருந்தது. ஒரு கம்பியில் 30 குரல் தடங்கள், அவ்வளவுதான். இன்று பெரும்பாலும் அது ஒரு சிப் டிரங்க்; ‘சிப்’ என்பது இணையவழி அழைப்பைத் தொடங்கி முடிக்கும் சமிக்ஞை மொழி, ‘டிரங்க்’ என்பது நிறுவனத்தோடு இணைக்கும் வெளிவழி. அதாவது, ஃபைபர் இணைப்பு, ரவுட்டர், வேண்டாத போக்குவரத்தை மறிக்கும் ஃபயர்வால், சில இடங்களில் எஸ்.பி.சி. எனப்படும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகிய எல்லாவற்றையும் கடந்து நிறுவனத்தின் சேவையகத்தைச் சென்றடையும் ஒரு தருக்கவழி இணைப்பு. இதில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று: ‘இன்னாரை அழைக்கிறேன், எடு’ என்று சொல்லும் சமிக்ஞை ஒரு வழியில் செல்கிறது, பேசும் குரல் ஆர்.டி.பி. என்ற நெறிமுறையில் சிறு தரவுத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாக, வேறொரு வழியில், வேறு போர்ட்டில் (எண்ணிட்ட நுழைவாயிலில்), சில வேளைகளில் வேறு சேவையகத்துக்கே செல்கிறது. மணி அடிப்பதால் குரல் வழி திறந்திருக்கிறது என்று முடிவுகட்ட முடியாததற்கு இதுவே காரணம்.

தொடங்கும் முன்

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், தோல்வியுற்ற ஓர் அழைப்பைப் பற்றி மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணி எத்தனை நிமிடத்தில், எத்தனை விநாடி நீடித்தது. ‘காலையிலிருந்தே இப்படித்தான்’ என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உங்கள் முன்னால் ஒருமுறை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதன்பின் அணுகுமுனையில், அதாவது இணைப்பகத்தின் வெளிப்புற வலைமுகத்தில், பாக்கெட்டுகளைப் பதிவு செய்யுங்கள். பாக்கெட்டுகளைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க் நிரல் போதும், ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருள் வகை இணைப்பகமாக இருந்தால் சிப் செய்திகளைக் காட்டும் எஸ்.என்.கிரெப் நிரல் இன்னும் விரைவாகக் காட்டும். பதிவில் முதலில் தேட வேண்டியது பிழை எண்ணை அன்று. கடைசியாக யார் பேசினார், யார் பதில் சொல்லவில்லை என்பதையே தேட வேண்டும். அது தெரிந்தால் பிழை அணுகுமுனைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தெரிந்துவிடும்; மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நேரத்தைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. தொலைபேசி நிறுவனங்களின் பதிவேடுகள் உலகப் பொது நேரத்தில் இருக்கலாம். நம் கடிகாரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் செல்கிறது. காலை 9.15க்கு நடந்த அழைப்பை அவர்கள் 1.15இல் தேட வேண்டும். இதைக் குறிப்பிடாததால் ‘அப்படி ஓர் அழைப்பே எங்களிடம் வரவில்லை’ என்ற பதில் எனக்கு ஒருமுறைக்கு மேல் வந்திருக்கிறது.

அறிகுறி: உள்ளேயும் வெளியேயும் எந்த அழைப்பும் இல்லை

முதலில் ஃபைபர் பெட்டியின் விளக்குகளையும் இணைய இணைப்பையும் பாருங்கள். இணையம் ஓடுகிறது, தொலைபேசி மட்டும் ஓடவில்லை என்றால் டிரங்க் எவ்வகையில் அடையாளம் காணப்படுகிறது என்பதைக் கேளுங்கள். இருவகை உண்டு. ஒன்றில் இணைப்பகம் பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து நிறுவனத்தின் சேவையகத்தில் தன்னைப் பதிந்துகொள்ளும். மற்றொன்றில் பதிவே கிடையாது. உங்கள் பொது ஐ.பி. முகவரியையே, அதாவது இணையத்தில் உங்கள் அலுவலகத்தைக் குறிக்கும் எண்ணையே, நிறுவனம் அடையாளமாக ஏற்கும்.

பதிவு வகையில், சேவையகம் மூன்றிலக்க எண்களால் சொல்லும் பதில்களில் 401 அல்லது 407ஐக் கண்டு புதியவர்கள் பதறுவது வழக்கம். அது பிழையன்று, ‘கடவுச்சொல்லுடன் மீண்டும் வா’ என்ற வழக்கமான அழைப்பே. கடவுச்சொல்லுடன் இரண்டாம் முறை சென்ற பிறகும் 401 திரும்பத் திரும்ப வந்தால் கடவுச்சொல்லையோ பயனர்பெயரையோ ஐயுறலாம். 403 வந்தால் கணக்கு முடக்கப்பட்டுள்ளதா, உங்கள் முகவரி அனுமதிப் பட்டியலில் உள்ளதா என்று நிறுவனத்திடம் கேட்க வேண்டும். பதிலே வராமல் 408இல் முடிந்தால் அது பாதைப் பிழை: ஃபயர்வால் 5060ஆம் போர்ட்டை மறிக்கலாம், சேவையகப் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். பழைய முகவரியைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். சேவையகத்துக்குப் ‘பிங்’ என்ற எளிய சோதனை போகிறது என்பதால் மட்டும் பாதை சரி என்று கொள்ளக் கூடாது. சிப் மொழியிலேயே ‘ஆப்ஷன்ஸ்’ என்ற விசாரிப்பை அனுப்பி, அதற்கு 200, அதாவது ‘சரி’ என்ற பதில், வருகிறதா என்று பார்ப்பதே சோதனை.

முகவரி வகையில் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வார இறுதியில் யாரோ ஒருவர் மலிவான இணையத் திட்டத்துக்கு மாறியிருப்பார், பொது முகவரி மாறியிருக்கும், திங்கட்கிழமை காலை தொலைபேசி இறந்திருக்கும். இணையத்தை மாற்றியவருக்கும் தொலைபேசிக்கும் தொடர்பிருப்பதாக அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

சமிக்ஞை மறைகுறியாக்கப்பட்டு 5061இல் செல்லும் இடங்களில் சான்றிதழின் காலாவதி நாளையும் இணைப்பகத்தின் கடிகாரத்தையும் பாருங்கள். மின்தடைக்குப் பிறகு கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிட்டால், செல்லுபடியாகும் சான்றிதழும் செல்லாததாகிவிடும்.

அறிகுறி: சில எண்களுக்கு மட்டும் போகவில்லை

இது பெரும்பாலும் இணைப்பகத்தின் எண் விதிகளில் இருக்கும் பிழை. சிங்கப்பூர் எண்கள் 8 இலக்கம் கொண்டவை: 6இல் தொடங்குபவை நிலைத் தொலைபேசி, 8உம் 9உம் கைத்தொலைபேசி, 3இல் தொடங்குபவை இணையவழித் தொலைபேசி. பழைய விதிகளில் 3 விடுபட்டிருப்பதை இன்றும் காண்கிறேன். 1800இல் தொடங்கும் கட்டணமில்லா எண்களுக்கு 11 இலக்கங்கள். ‘8 இலக்கம் வந்ததும் அனுப்பு’ என்று பொதுவாக எழுதிவைத்த விதி அவற்றை வெட்டி அனுப்பி, 484 என்ற ‘எண் முழுமையில்லை’ பதிலை வாங்கித்தரும். 2002 மார்ச் 1 அன்று 7 இலக்க நிலைத் தொலைபேசி எண்களுக்கு முன் 6 சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பதிந்த சுருக்க எண்களை யாரும் திறந்து பார்க்காமல் இணைப்பகத்துக்கு இணைப்பகம் நகலெடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பதற்கு நானே சாட்சி.

வெளிநாட்டு அழைப்பில் சிக்கல் வேறு வகையானது. 001 சிங்டெல்லுடையது, 002 எம்1 உடையது, 008 ஸ்டார்ஹப்புடையது. பழக்கத்தால் பயனர் 001 91 44 என்று தொடங்கிச் சென்னைக்கு அழைப்பார். வேறொரு நிறுவனத்தின் சிப் டிரங்க்குக்கு 001 என்ற முன்னொட்டால் பயனில்லாமல் போகலாம்; 404, அதாவது ‘அப்படி ஓர் எண் இல்லை’ என்ற பதில், திரும்பும். பயனர் பழக்கத்தை மாற்ற முயல வேண்டாம். இணைப்பகத்திலேயே அந்த முன்னொட்டை நீக்கி, ‘+’ குறி, நாட்டுக் குறியீடு, எண் என்ற உலக வடிவத்துக்கு மாற்றி அனுப்புங்கள். அந்த வடிவத்தில் ஓர் எண் அதிகம் போனால் 15 இலக்கம். அதற்கு மேல் தெரிந்தால் முன்னொட்டு இரண்டு முறை ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

வெளிவழிக்கு 9ஐ அழுத்தும் பழக்கம் உள்ள அலுவலகங்களில் இன்னொரு பொறி உண்டு. பயனர் 9ஐ மறந்துவிட்டு நேராக 9இல் தொடங்கும் கைத்தொலைபேசி எண்ணை அழுத்துகிறார்; இணைப்பகம் முதல் 9ஐ வெளிவழிக் குறி என்று எண்ணி உரித்துவிட்டு, மீதி 7 இலக்கத்தை அனுப்புகிறது. கைத்தொலைபேசிக்கு இது நேர்ந்தால் ஓர் எரிச்சல். 995க்கு நேர்ந்தால் நிலைமை வேறு. ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 995ஐ அழுத்துபவரின் அழைப்பு 95 என்று வெளியே செல்லும். ஆகவே 995உம் காவல்துறையின் 999உம், முன்னால் 9 அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும், எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்தும், வெளிநாட்டு அழைப்புத் தடை போட்ட தொலைபேசியிலிருந்தும், காத்திருப்பில்லாமல் செல்ல வேண்டும். விதிப்பட்டியலில் அவை முதல் வரியில் இருக்க வேண்டும். சோதிப்பதற்காக, 995ஐ எடுக்கும் குடிமைத் தற்காப்புப் படையை அழைத்துத் தொந்தரவு செய்ய வேண்டாம். எந்த எண் எந்த வழியே எவ்வடிவில் செல்லும் என்பதை அழைக்காமலேயே காட்டும் ஒத்திகை வசதி பெரும்பாலான இணைப்பகங்களில் உண்டு.

அறிகுறி: அழைப்பு செல்கிறது, ஆனால் எதிர்முனையில் எண் தவறாகத் தெரிகிறது அல்லது அழைப்பே மறுக்கப்படுகிறது

நிறுவனம் உங்களுக்கு ஒதுக்கிய எண்களைத் தவிர வேறெதையும் அழைப்பவர் எண்ணாகக் காட்ட விடாது. இது சரியான கட்டுப்பாடுதான். ஆனால் அழைப்பைத் திருப்பிவிடும்போது உதைக்கும். வெளியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அழைக்கிறார், மேலாளர் தம் தொலைபேசியைக் கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார், இணைப்பகமோ வாடிக்கையாளரின் எண்ணையே அழைப்பவர் எண்ணாக வைத்து அதை மீண்டும் வெளியே அனுப்புகிறது. நிறுவனம் 403 சொல்லி மறுக்கிறது. ‘சாதாரண அழைப்பெல்லாம் போகிறது, திருப்பிவிட்டது மட்டும் போகவில்லை’ என்ற புகார் வந்தால் முதலில் இதைத்தான் ஐயுற வேண்டும். அடையாள வரியில் உங்கள் சொந்த எண்ணை வைத்து, திருப்பியவர் யார் என்பதை அதற்குரிய தலைப்பு வரியில் குறிப்பிடுங்கள். எந்த வரியை மதிக்கிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

2020 ஏப்ரலிலிருந்து, வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்குள் வரும் அழைப்புகளின் எண்ணுக்கு முன்னால் ‘+’ குறி தோன்றுகிறது. உள்ளூர் அழைப்பில் அக்குறி இராது என்றும், ‘+65’ என்று தெரிந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் மேகவழி (கிளவுட்) இணைப்பகம் வெளிநாட்டுச் சேவையகம் ஒன்றின் வழியே உள்ளூர் எண்ணுக்கு அழைத்தால், அந்த அழைப்பு மோசடிக்காரனின் அழைப்பைப் போலத் தோற்றமளிக்கும், அல்லது வழியிலேயே தடுக்கப்படும். ‘யாருமே எடுக்க மாட்டேன் என்கிறார்கள்’ என்று ஒரு விற்பனைப் பிரிவு புலம்பினால் விற்பனையாளர்களைக் குறை சொல்லும் முன் ஒரு கைத்தொலைபேசிக்கு அழைத்து, திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

அறிகுறி: மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் ஊமை

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்திலிருந்து கணக்காளர் ஒருவர் அழைத்தார். “அண்ணே, மணி அடிக்குது, நாங்க பேசறது அவங்களுக்குக் கேட்குது, அவங்க பேசறதுதான் எங்களுக்குக் கேட்கல.” இதைவிடத் தெளிவாக ஓர் அறிகுறியைச் சொல்ல முடியாது. போகும் குரல் வழி திறந்திருக்கிறது, வரும் குரல் வழி அடைபட்டிருக்கிறது. முந்தைய நாள் ரவுட்டரை மாற்றியிருந்தார்கள்.

இணைப்பகம் அழைக்கும்போது அனுப்பும் ‘இன்வைட்’ செய்தியின் அடியில் குரலைப் பற்றிய ஒரு சிறு விவரக்குறிப்பு இருக்கும். அதில் ‘சி’ என்று தொடங்கும் வரி ‘என் காதுக்கு இந்த முகவரியில் குரலை அனுப்பு’ என்றும், ‘எம்’ என்று தொடங்கும் வரி ‘இந்தப் போர்ட்டில், இந்த வகைக் குறிமுறைகளில் அனுப்பு’ என்றும் சொல்கின்றன; குறிமுறை என்பது குரலைத் தரவாக மாற்றும் முறை. அந்த அலுவலகத்தின் பதிவில் ‘சி’ வரி காட்டிய முகவரி 192.168.1.20. அது கட்டடத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனி முகவரி. 10இல் தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையிலானவையும் அவ்வாறே. தொலைபேசி நிறுவனத்தின் குரல் சேவையகம் அந்த முகவரிக்கு எங்கே போய் அனுப்பும்? கடிதத்தின் பின்புறம் ‘மாடிப்படி பக்கத்து அறை’ என்று எழுதி அனுப்பியதைப் போன்றது அது.

தீர்வு, இணைப்பகத்திடம் அதன் பொது முகவரி எது, உள்வலை எது என்பதை வெளிப்படையாகச் சொல்வது. அதைச் செய்த பிறகும் தனி முகவரியே வெளியே சென்றால், அல்லது அதைவிட மோசமாக, பாதி வரிகளில் பொது முகவரியும் பாதியில் தனி முகவரியும் தெரிந்தால், ரவுட்டரில் ‘சிப் ஏ.எல்.ஜி.’ என்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். செய்திக்குள் புகுந்து முகவரிகளைத் திருத்தி உதவுவதாக எண்ணி உருவாக்கப்பட்ட வசதி அது. நான் பார்த்தவரை அது காப்பாற்றிய அழைப்புகளைவிடக் கெடுத்த அழைப்புகளே அதிகம். அதை அணைத்துவிடுங்கள். சில வீட்டுவகை ரவுட்டர்களில் அணைக்கும் பொத்தானே இருக்காது; அங்கே ரவுட்டரை மாற்றுவது, அல்லது சமிக்ஞையை மறைகுறியாக்கி ஏ.எல்.ஜி.யால் படிக்க முடியாமல் செய்வது ஆகிய இரண்டே வழிகள்.

அடுத்து ஃபயர்வால். சமிக்ஞைக்கு 5060ஐ மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுவது பரவலான தவறு. குரலுக்கு ஒரு பெரிய போர்ட் வரிசை வேண்டும். ஆஸ்டெரிஸ்க்கில் வழக்கமாக 10000 முதல் 20000 வரை. இணைப்பகத்தில் குறித்த வரிசையும் ஃபயர்வாலில் திறந்த வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பத்து அழைப்பில் மூன்றுக்கு மட்டும் குரல் வராது. எந்த மூன்று என்பது அன்றைக்கு எந்தப் போர்ட் வாய்த்தது என்பதைப் பொறுத்தது. இத்தகைய பிழையைத் தேடுபவர்தாம் அதிகம் அலைகிறார்கள். மேலும், குரல் சேவையகத்தின் முகவரி சமிக்ஞைச் சேவையகத்தின் முகவரியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நிறுவனத்திடம் முழு முகவரிப் பட்டியலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இணைய நிறுவனத்தின் ரவுட்டருக்குப் பின்னால் அலுவலகத்தின் சொந்த ஃபயர்வாலும் இருந்தால், தனி முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கிறது. முன்னதைப் பாலம் போல இயங்கும் நிலைக்கு மாற்றி, மாற்றம் ஓரிடத்தில் மட்டும் நடக்கும்படி செய்வதே நல்லது.

குரல் தொடங்குவதற்கு முன்பே அழைப்பு மறுக்கப்பட்டு, பதிவில் 488 தெரிந்தால் அது பெரும்பாலும் குறிமுறைப் பொருத்தமின்மை. ஜி.711 என்ற பொதுவான குறிமுறை இரு பக்கமும் இருக்கும்படி செய்யுங்கள். பெரும்பாலும் அத்துடன் தீரும்.

அறிகுறி: ஒரே நேர அளவில் அழைப்பு அறுந்துவிடுகிறது

தேக்காவில் ஒரு துணிக்கடைக்கு வரும் அழைப்புகள் ‘அரை நிமிடத்தில்’ அறுவதாகச் சொன்னார்கள். கடையில் நின்று என் கைத்தொலைபேசியிலிருந்து மூன்று முறை அழைத்து, நிறுத்துக் கடிகாரத்தில் அளந்தேன்: 32 விநாடி, 32 விநாடி, 32 விநாடி. அரை நிமிடம் என்பது புகார். 32 விநாடி என்பது நோயின் பெயர்.

சிப் நெறிமுறையில் அடிப்படைக் காலஅளவு அரை விநாடி; அதன் 64 மடங்கு 32 விநாடி. அழைப்பை எடுத்ததும் இணைப்பகம் ‘200 சரி’ என்று சொல்கிறது. எதிர்ப்பக்கம் அதற்கு ‘ஏக்’ என்ற ஒப்புதலை அனுப்ப வேண்டும். ஒப்புதல் வராவிட்டால் இணைப்பகம் அரை விநாடி, ஒரு விநாடி, இரண்டு விநாடி, பிறகு நான்கு நான்கு விநாடி இடைவெளியில் அதே ‘200’ஐத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, 32ஆம் விநாடியில் நம்பிக்கையிழந்து அழைப்பைத் துண்டிக்கிறது. இதற்கிடையில் குரல் ஓடிக்கொண்டிருப்பதால் பேசுபவர் இருவருக்கும் எந்த ஐயமும் எழுவதில்லை. பதிவைத் திறந்தால் ஒரே ‘200’ வரிசையாகப் பத்துத் தடவையளவு நிற்பதும், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றும் வராததும் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

ஒப்புதல் ஏன் வரவில்லை? அது ‘காண்டாக்ட்’ என்ற தலைப்பு வரியில் இணைப்பகம் கொடுத்த முகவரிக்கே வருகிறது. அந்த வரியில் தனி முகவரி இருந்தால் ஒப்புதல் எங்கேயோ போய்த் தொலைகிறது. அந்தக் கடையில் குரல் மட்டும் எப்படி ஓடியது என்றால், நிறுவனத்தின் சேவையகம் விவரக்குறிப்பை நம்பாமல், குரல் பாக்கெட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும் வகையைச் சேர்ந்தது. அந்தச் சலுகை ஒரு பிழையை மூடிவைத்து, அதே குடும்பத்துப் பிழையை வேறு முகத்துடன் வெளிப்படுத்தியது.

துண்டிப்பு 15 அல்லது 30 நிமிடத்தில் நிகழ்ந்தால் அது வேறு கடிகாரம். நீண்ட அழைப்பு இன்னும் உயிருடன் இருக்கிறதா என்று இடையில் விசாரிக்கும் அமர்வு நேரக் கணிப்பு ஒன்று உண்டு. வழக்கமான அளவு 1800 விநாடி, விசாரணை அதன் பாதியில், அதாவது 900ஆம் விநாடியில் நடக்கும். அந்த நடுவழி விசாரிப்பை ஃபயர்வால் மறித்தாலோ ஒரு பக்கம் தவறாக மறுத்தாலோ அழைப்பு முறியும். நேரக் கணிப்பை அணைத்துவிடுவது எளிய வழி. ஆனால் அப்போது, முறிந்த அழைப்புகள் முறிந்தது தெரியாமலே தடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மறிப்பைக் கண்டுபிடித்து நீக்குவதே முறை.

எந்த ஒழுங்கும் இல்லாமல், சில வேளை 2 நிமிடத்திலும் சில வேளை 20 நிமிடத்திலும் அறுந்தால் நேரக் கணிப்புகளை விட்டுவிட்டு இணைய இணைப்பின் நிலைத்தன்மையைப் பாருங்கள்.

அறிகுறி: வெளியே போகிறது, உள்ளே வரவில்லை

காலையில் ஒருமுறை வெளியே அழைத்த பிறகு சிறிது நேரம் உள்ளே அழைப்புகள் வருகின்றன, பின்பு நின்றுவிடுகின்றன என்றால், ரவுட்டர் தன் நினைவிலிருந்து அந்தப் பாதையை அழித்துவிடுகிறது. சிப் செய்திகள் பெரும்பாலும் செல்லும் யு.டி.பி. வகைப் பாதையைச் சில ரவுட்டர்கள் 30 விநாடியிலேயே மறந்துவிடும். இணைப்பகம் அதைவிடக் குறைந்த இடைவெளியில் ‘ஆப்ஷன்ஸ்’ விசாரிப்பை அனுப்பிக்கொண்டிருந்தால் பாதை உயிருடன் இருக்கும்.

எப்போதுமே வரவில்லை என்றால், அழைப்பு அணுகுமுனை வரை வருகிறதா என்று பாருங்கள். வந்து, உங்கள் இணைப்பகமே 404 சொல்லித் திருப்பினால், எண்ணின் வடிவம் பொருந்தவில்லை: நிறுவனம் +65உடன் அனுப்ப, உங்கள் விதி 8 இலக்கத்தை மட்டும் எதிர்பார்க்கிறது, அல்லது கடைசி 4 இலக்கத்தை எதிர்பார்க்கிறது. வரவே இல்லையென்றால் அது நிறுவனத்தின் பக்கம்.

ஒன்றுவிட்டு ஒன்று வருகிறது என்ற புகார் சுவையானது. நிறுவனம் இரண்டு சேவையகங்களிலிருந்து மாறிமாறி அழைப்புகளை அனுப்பும். உங்கள் ஃபயர்வால் ஒன்றை மட்டும் அனுமதித்திருக்கும்.

அறிகுறி: பரபரப்பான நேரத்தில் மட்டும் ‘பிஸி’

முற்பகலிலும் மதிய உணவுக்குப் பிறகும் அழைப்பவர்களுக்கு ‘பிஸி’ ஒலி, மற்ற நேரத்தில் சிக்கலில்லை என்றால் தடங்களின் எண்ணிக்கை தீர்ந்துபோகிறது. பதிவில் 503 அல்லது 486, பழைய பாணியில் காரண எண் 34, அதாவது ‘தடம் காலியில்லை’, தெரியும். உடனே இணைய வேகத்தைக் கூட்டச் சொல்பவர்கள் உண்டு. ஜி.711 குறிமுறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கிலோபிட். 30 அழைப்புகளுக்கு 2.6 மெகாபிட். ஃபைபர் இணைப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குறை ஒப்பந்தத்தில் வாங்கிய தடங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது, அல்லது இணைப்பகத்தின் உரிம எண்ணிக்கையில். கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிடப்பட்ட ஒவ்வோர் அழைப்பும் வர ஒரு தடம், போக ஒரு தடம் என இரண்டைப் பிடித்துக்கொள்வதைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். 10 தடம் வாங்கிய அலுவலகத்தில் ஐந்து பேர் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் தடங்கள் முடிந்துவிடும்.

அறிகுறி: குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது

வேகம் போதும், வரிசைதான் போதவில்லை. யாரோ ஒருவர் பெரிய கோப்பை மேலேற்றும்போது குரல் பாக்கெட்டுகள் அதன் பின்னால் காத்து நிற்கின்றன. குரலுக்கு முன்னுரிமைக் குறி 46 இடப்படுகிறதா, ரவுட்டர் அதை மதிக்கிறதா என்று பாருங்கள். ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும். அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். வைஃபையில் இயங்கும் தொலைபேசியாக இருந்தால் முதலில் கம்பியில் போட்டுப் பாருங்கள். பாதிப் புகார்கள் அத்துடன் முடியும்.

அறிகுறி: ‘1ஐ அழுத்தவும்’ என்றால் அழுத்தினாலும் நடக்கவில்லை

வங்கியின் தானியங்கிக் குரலுக்கு நீங்கள் அழுத்தும் எண் போய்ச் சேரவில்லை. எண்ணொலியைக் குரலுக்குள்ளேயே கலந்து அனுப்பும் முறை, குரலைச் சுருக்கும் ஜி.729 போன்ற குறிமுறைகளில் சிதைந்துவிடும். எண்களைத் தனி நிகழ்வுப் பாக்கெட்டுகளாக அனுப்பும் முறைக்கு இரு பக்கத்தையும் மாற்றுங்கள். விவரக்குறிப்பில் அது பெரும்பாலும் 101 என்ற எண்ணால் குறிக்கப்படும்.

அறிகுறி: நள்ளிரவில் யாரும் அழைக்காத வெளிநாட்டு அழைப்புகள்

இதை அறிகுறி என்று சொல்வதைவிடத் தீப்பிடித்த செய்தி என்று சொல்லலாம். 5060ஐ உலகம் முழுவதற்கும் திறந்துவைத்த எந்த இணைப்பகத்தையும் தானியங்கி நிரல்கள் சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து, 100, 101, 1001 என்று எக்ஸ்டென்ஷன் எண்களையும் எளிய கடவுச்சொற்களையும் மாற்றிமாற்றிச் சோதிக்கத் தொடங்கும். ஒன்று திறந்துகொண்டால், கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்களுக்கு, அதுவும் அலுவலகம் மூடிய வார இறுதியில், ஒரே நேரத்தில் எல்லாத் தடங்களிலும் அழைப்புகள் பறக்கும். திங்கட்கிழமை காலையில் தெரியவருவது ஆயிரக்கணக்கான வெள்ளிக்கான (சிங்கப்பூர் டாலருக்கான) கட்டணக் கணக்கு.

பதிவைப் பொறுமையாக ஆராய்வதற்கு இங்கே நேரமில்லை. முதலில் டிரங்க்கை நிறுத்துங்கள் அல்லது நிறுவனத்தை அழைத்து வெளிநாட்டு அழைப்புகளை மூடச் சொல்லுங்கள். அவசர எண்களுக்குக் கைத்தொலைபேசி இருக்கிறது என்று அலுவலகத்தாரிடம் சொல்லிவிடுங்கள். பின்பு எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து அழைப்புகள் சென்றன என்று பார்த்து, அதன் கடவுச்சொல்லை மட்டுமன்றி எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்தவை நிச்சயம் சில இருக்கும். ஃபயர்வாலில் 5060ஐ நிறுவனத்தின் முகவரிகளுக்கு மட்டும் திறந்துவையுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை வி.பி.என். எனப்படும் பாதுகாப்பான தனிவழி இணைப்பின் வழியே வரச் செய்யுங்கள். வெளிநாட்டு அழைப்பு வசதியைத் தேவைப்படும் எக்ஸ்டென்ஷன்களுக்கும், தேவைப்படும் நாடுகளுக்கும், அலுவலக நேரத்துக்கும் மட்டும் கட்டுப்படுத்துங்கள். சென்னைக்கும் ஜொகூருக்கும் மட்டுமே பேசும் நிறுவனத்துக்கு இருநூறு நாடுகளின் வழி எதற்கு? டிரங்க்கை மீண்டும் திறந்த அன்றிரவு, பதினொரு மணியளவில் ஒருமுறை அழைப்புப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். முந்தைய இரவு முயன்றவர்கள் அன்றும் வந்து கதவைத் தட்டியிருப்பார்கள். ஃபயர்வாலின் பதிவில் அந்த முகவரிகள் தடுக்கப்பட்டவையாகத் தெரிய வேண்டும், இணைப்பகத்தின் பதிவில் தெரியவே கூடாது.